பேச்சும் பரிவும்: ஃபிராங்கன்ஸ்டைன் படைப்புயிரின் வரவேற்பு வரலாறு (1818–1935)

ஆய்வுச்சுருக்கம்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) நாவலில் வரும் பெயரற்ற படைப்புயிர், ஐரோப்பிய இலக்கியத்தில் வாசகரின் பரிவைப் பெற்ற கோர உருக்களுள் முதன்மையானது. நாவலில் அப்பரிவு அவனது பேச்சின் வழியாகவே விளைகிறது. 1823ஆம் ஆண்டின் மேடை நாடகம் அவனை வாய்பேசாதவனாக்கியது. அதன்பின் நாடாளுமன்ற உரை, புதினம், கேலிச்சித்திரம், திரைப்படம் ஆகியவற்றில் அவன் பெரும்பாலும் பேசாத உருவமாகவே நிலைபெற்றான். இம்மாற்றத்தால் பரிவு மறைந்துவிடவில்லை. அதன் தன்மை மாறியது. நியாயம் கேட்கும் குரலுக்குச் செவிகொடுத்தல் என்ற நிலையிலிருந்து, பேச இயலாத ஒன்றன்மீது கொள்ளும் இரக்கமாகவும் அச்சமாகவும் அது திரிந்ததை இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஃபிராங்கன்ஸ்டைன், மேரி ஷெல்லி, படைப்புயிர், பரிவு, வரவேற்பு வரலாறு, அடிமை ஒழிப்பு.

முன்னுரை

இலக்கியத்தில் வரும் கோர உருக்களைக் கண்டு வாசகர் அஞ்சுகின்றனர். பல வேளைகளில் அவற்றுக்காக இரங்கவும் செய்கின்றனர். அவை துன்புறுவதே இதற்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. துன்பம் மட்டுமே காரணமெனின், ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களில், ஏறத்தாழ ஒரே துன்பத்தை நுகரும் ஓர் உருவின்மீது மக்கள் வெவ்வேறு உணர்வு கொண்டதை விளக்க இயலாது. ஃபிராங்கன்ஸ்டைன் கதை இவ்வினாவை ஆராய ஏற்ற களமாகும். நாவல், நாடகம், அரசியல் மேடை, இதழியல், திரை எனப் பல வடிவங்களில் அது வழங்கிவந்துள்ளது. ஒவ்வொன்றிலும் படைப்புயிருக்கு அளிக்கப்பட்ட குரலின் அளவு வேறுபடுகிறது.

தொடக்கத்திலேயே சொல்லாட்சி பற்றி ஒரு விளக்கம் தேவை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்பது படைத்த மாணவனாகிய விக்டரின் குடும்பப் பெயர். படைக்கப்பட்டவனுக்கு நாவலில் பெயரே இல்லை. விக்டர் அவனை அரக்கன், பேய், இழிபிறவி எனப் பலவாறு ஏசுகிறான், பெயரிட்டு அழைப்பதில்லை. இக்கதையைத் தமிழில் பேச முற்படுவோர் திணை பற்றியும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. மக்களாகச் சுட்டப்படுவோரை உயர்திணை என்றும் அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆகவே ‘அவன்’ என்பதா, ‘அது’ என்பதா என்ற தெரிவே, அவ்வுயிர் மக்களுள் ஒருவனா என்ற வினாவுக்கு விடையாகிவிடுகிறது. தன்னை மனிதரோடு சேர்த்து எண்ணுமாறு நாவலில் அவன் வேண்டுவதால், இக்கட்டுரை ‘படைப்புயிர்’ என்ற பெயரையும் ‘அவன்’ என்ற சுட்டையும் ஆள்கிறது.

பரிவு பற்றிய அக்காலக் கருத்து

மேரி ஷெல்லியின் காலத்து ஆங்கில அறிவுலகில் பரிவு என்பது விரிவாக விவாதிக்கப்பட்ட ஒரு கோட்பாடு. ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட ‘அறவுணர்வுகளின் கோட்பாடு’ என்னும் நூலில், பிறருடைய உணர்ச்சியை நேரே கண்டு நாம் பரிவு கொள்வதில்லை. அவருடைய நிலையில் நம்மை வைத்துக் கற்பனை செய்வதாலேயே பரிவு பிறக்கிறது என்கிறார். சினங்கொண்டவனைக் காண்போர் முதலில் அவனையே வெறுப்பர். அச்சினத்தை எழுப்பியது எது என்று அறிந்த பின்னரே அவன் பக்கம் சாய்வர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். உருவத்தைக் காண்பது போதாது, காரணத்தை அறியவேண்டும்; காரணத்தை அறிய யாரேனும் சொல்லக் கேட்கவேண்டும் என்பது இதன் உட்கிடை. மேரி ஷெல்லியின் நாவல் இக்கருத்தைக் கடும் சோதனைக்கு உட்படுத்துகிறது.

நாவல் எழுந்த சூழல்

மேரி 1797 ஆகஸ்ட் 30ஆம் நாள் பிறந்தார். பெண்ணுரிமைச் சிந்தனையாளரான தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், மகளைப் பெற்ற சில நாள்களிலேயே காலமானார். தந்தை வில்லியம் காட்வின், மனிதரின் தீமைக்குச் சமூக அமைப்பே காரணம் என வாதிட்ட மெய்யியலாளர். 1815இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை சில நாள்களில் இறந்தது. அக்குழந்தை குளிரில் விறைத்திருந்ததாகவும், நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர்பெற்றதாகவும் தாம் கண்ட கனவை அவர் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். 1816ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த இல்லத்தில், ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுவது என எடுத்த முடிவே நாவலுக்கு வித்தாயிற்று. 1818 சனவரி 1ஆம் நாள் மூன்று தொகுதிகளாக, ஆசிரியர் பெயரின்றி, 500 படிகள் அச்சிடப்பட்டு நூல் வெளிவந்தது. தன்னைப் படைக்குமாறு தான் கேட்டதுண்டா என ஆதாம் இறைவனை வினவும் மில்டனின் வரிகள் தலைப்புப் பக்கத்தில் இடம்பெற்றன. படைக்கப்பட்டவன் படைத்தவனிடம் கணக்குக் கேட்கும் உரிமையோடுதான் நாவல் தொடங்குகிறது.

கண்ணை மறைத்துக் கேட்கச் செய்தல்

நாவல் மூன்று கூற்றுகளால் ஆனது. வடதுருவம் நோக்கிச் செல்லும் கப்பலின் தலைவன் வால்டன் தமக்கைக்கு எழுதும் கடிதங்கள் வெளிவட்டம். அவனிடம் விக்டர் சொல்லும் கதை அதன் உள்ளே. விக்டரிடம் படைப்புயிர் சொல்லும் கதை நடுவே. நூலின் மையத்தில் பல இயல்கள் முழுவதையும் படைப்புயிர் தன்மைக் கூற்றாகப் பேசுகிறான். அதற்குமுன் வாசகர் அவனைப் பற்றி அறிந்தவை எல்லாம் விக்டரின் வாய்மொழியே. எட்டடி உயரம், மஞ்சள் தோல், நீர்த்த கண்கள், கருத்த உதடுகள் என்னும் வருணனைகள் அருவருப்பை ஊட்டுகின்றன. விக்டரின் தம்பி வில்லியமைக் கொன்றவன் என்ற ஐயமும் அதற்குள் எழுந்துவிடுகிறது.

ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றில் இருவரும் எதிர்ப்படும் இடத்தில் ஒரு சிறு செயல் நிகழ்கிறது. உன்னைக் காணவே பொறுக்கவில்லை என விக்டர் கூற, படைப்புயிர் தன் கைகளால் விக்டரின் கண்களை மறைக்கிறான். பார்க்காவிட்டாலும் கேட்கலாம் அன்றோ என வேண்டுகிறான். விக்டர் அக்கைகளைத் தட்டிவிட்டாலும் கேட்க இசைகிறான். நாவலின் பரிவுக் கோட்பாடு முழுவதும் இச்செயலில் அடங்கியுள்ளது எனலாம். கண் விலக்கும், செவி நெருங்கச் செய்யும்.

அவன் சொல்லும் கதையும் மொழி கற்ற கதையே. ஒரு குடிலை ஒட்டிய கொட்டிலில் மறைந்திருந்து, சுவரின் இடுக்கு வழியே டி லேசி குடும்பத்தாரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு மொழி பயில்கிறான். அங்கு வந்துசேர்ந்த சஃபி என்னும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு வரலாற்று நூல் கற்பிக்கப்படுகையில் அவனும் உடன்கற்கிறான். அமெரிக்கப் பழங்குடியினர்க்கு நேர்ந்த கதியைக் கேட்டு அவளோடு சேர்ந்து கண்ணீர் விடுகிறான். காட்டில் கிடந்த பெட்டியொன்றில் மில்டனின் காவியம், புளூடார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், கதேயின் ‘வெர்தர்’ ஆகிய நூல்களைக் கண்டெடுத்துப் படிக்கிறான். இவ்வாறு, பிறருடைய பரிவை வேண்டி நிற்பதற்கு முன்பே பிறர்மீது பரிவு கொள்ளக் கற்றவனாக ஆசிரியர் அவனைக் காட்டுகிறார்.

பின்னர் அவன் பார்வையற்ற முதியவரிடம் சென்று பேசுகிறான். உன் முகத்தை என்னால் காண இயலாது, எனினும் உன் சொற்களில் உண்மை தெரிகிறது என்னும் பொருள்பட அவர் விடையிறுக்கிறார். பார்வையுள்ள மக்கள் உள்ளே நுழைந்ததும் நிலை மாறுகிறது. மகன் ஃபெலிக்ஸ் அவனை அடித்து வீழ்த்துகிறான். ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றியதற்கும் துப்பாக்கிக் குண்டே பரிசாகிறது. குழந்தையின் மனத்தில் முற்கோள் இராது என எண்ணி வில்லியமைப் பற்றுகிறான். அச்சிறுவனும் அரக்கன் என்றே கூவுகிறான். முதல் கொலை அப்போது நிகழ்கிறது. கேட்போர் இருந்த ஓரிடத்தைத் தவிர, அவனைக் கண்ட இடமெல்லாம் கதவு அடைபடுகிறது.

பேச்சின் எல்லை

பேசினால் நியாயம் கிட்டிவிடும் என்று நாவல் எளிதாகக் கூறிவிடவில்லை. வில்லியமின் கொலைப்பழி பணிப்பெண் ஜஸ்டின்மீது விழுகிறது. படைப்புயிரே அவளிடம் சான்றுப்பொருளை மறைத்துவைத்தான். அழகும் நற்பெயரும் உடைய அவள் நீதிமன்றத்தில் உண்மையைக் கூறியும் நம்புவாரில்லை. பாவமன்னிப்புக் கேட்கும் குருவின் அச்சுறுத்தலால் பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். அவர் அரக்கி என்று சொல்லச் சொல்லத் தானும் அவ்வாறே நம்பத் தலைப்பட்டதாக அவள் கூறுவது கருதத்தக்கது. ‘அரக்கன்’ என்பது பிறப்பால் அமைவதன்று, பிறர் சுமத்துவது என்பதை நாவல் ஒரு குற்றமற்ற பெண்ணின் வாயால் உணர்த்துகிறது. உண்மையை அறிந்த விக்டர் அவள் தூக்கிலேறும்வரை வாய்திறவாதிருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பேச்சு மயக்கவும் கூடும் என்பதையும் நாவல் மறைக்கவில்லை. படைப்புயிரின் நாவன்மையை நம்பிவிடாதே என விக்டர் வால்டனை எச்சரித்துவிட்டு இறக்கிறான். இறுதிக் காட்சியில் படைப்புயிரைக் காணும் வால்டன் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். அவன் துயரைக் கேட்டு முதலில் மனம் நெகிழ்கிறான். எச்சரிக்கை நினைவுக்கு வந்து, நண்பனின் உடலையும் கண்டதும் சினம் மீள்கிறது. வில்லியம், கிளர்வல், எலிசபெத் ஆகியோரின் கொலைகளை நாவல் எங்கும் மன்னிக்கவில்லை. பரிவு என்பது விடுதலைத் தீர்ப்பன்று; தீர்ப்புக்குமுன் எதிர்த்தரப்பையும் கேட்டல் என்பதே வாசகர்முன் வைக்கப்படும் கடமை.

முதல் திறனாய்வுகள்

முதல் திறனாய்வாளரிடையே இக்கடமை இருவேறு வகையில் எதிரொலித்தது. வால்டர் ஸ்காட் 1818 மார்ச்சில் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் நாவலைப் பாராட்டினார். எனினும் சுவரின் ஓட்டை வழியே கேட்டே ஒருவன் மொழியும் இலக்கியமும் கற்றான் என்பதை அவரால் ஏற்க இயலவில்லை. நாவலின் பரிவுக்கு அடித்தளமான பகுதியே அவருக்கு நம்பத்தகாததாகத் தோன்றியது. பெர்சி ஷெல்லி எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1832இல் அச்சேறிய திறனாய்வு அப்பகுதியையே நூலின் அறமாகக் கண்டது. ஒருவனைக் கொடுமையாக நடத்தினால் அவன் கொடியவனாவான் என்பதே அதன் சாரம். படைப்புயிரின் பேச்சை நம்புவதா, ஐயுறுவதா என்ற இப்பிளவு பின்வந்த வரலாற்றை முன்னறிவிப்பதாக அமைந்தது.

மேடையில் இழந்த குரல் (1823)

1823 சூலை 28ஆம் நாள் இலண்டனில் இங்கிலீஷ் ஆப்பரா ஹவுஸ் அரங்கில் ரிச்சர்டு பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம் அரங்கேறியது. அதன் தலைப்பு, விக்டரின் செயலைச் செருக்கு எனச் சுட்டியது. படைப்புயிராக நடித்தவர் டி. பி. குக். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இசையும் உடலசைவும் மட்டுமே அப்பாத்திரத்தின் மொழி. விளம்பரத் தாளில் அவன் பெயருக்குரிய இடத்தில் கோடுகள் மட்டும் இருந்தன. படைத்தவனின் தவற்றைக் கடவுளுக்கு எதிரான செருக்காகக் காட்டியதால், படைக்கப்பட்டவனைக் கைவிட்ட குற்றம் பின்னுக்குச் சென்றது. இறுதியில் பனிச்சரிவு இருவரையும் அழிக்கிறது; யாரும் யாருக்கும் விடைகூறத் தேவையில்லாமற் போகிறது.

இந்நாடகம் பரிவை முற்றிலும் அகற்றிவிட்டது என்று கூறுவது பொருந்தாது. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அதனைக் கண்ட மேரி ஷெல்லி, லீ ஹன்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், பெயருக்குப் பதில் கோடிட்ட முறையை மெச்சுகிறார்; காதில் விழும் ஒலிகளைக் கையால் பற்ற முயல்வது போன்ற குக்கின் நடிப்பையும் பாராட்டுகிறார். பார்வையாளர் இரங்கினர் என்பதில் ஐயமில்லை. அந்த இரக்கம் புதிதாய்ப் பிறந்த மழலைமீதோ அடிபட்ட விலங்கின்மீதோ கொள்ளும் இரக்கத்தை ஒத்தது. நீ எனக்குக் கடமைப்பட்டவன் என்று வாதிடும் ஒருவன் மேடையில் இல்லை.

அந்நாடகம் முதற்பருவத்திலேயே 37 முறை நிகழ்த்தப்பட்டது. வேறு அரங்குகளும் இக்கதையை எடுத்தாண்டன. அதன் வெற்றியைத் தொடர்ந்தே 1823 ஆகஸ்டில் நாவலின் இரண்டாம் பதிப்பு ஆசிரியர் பெயரோடு வெளிவந்தது. 500 படிகள் மட்டும் அச்சான முதற்பதிப்பைக் கண்டிராத பலருக்கு, படைப்புயிர் என்பவன் மேடையில் கண்ட அந்த வாய்பேசா உருவமே ஆனான்.

நாடாளுமன்றத்தில் படைப்புயிர் (1824)

இம்மாற்றத்தின் அரசியல் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1823 ஆகஸ்டில் பிரித்தானியக் குடியேற்றப் பகுதியான டெமெராராவில் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. அதன்பின் 1824 மார்ச் 16ஆம் நாள் மக்களவையில் அடிமைகளின் நிலை குறித்து வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங் உரையாற்றினார். உடலால் வளர்ந்தும் அறிவால் குழந்தையாக உள்ளவர் எனக் கறுப்பின மக்களை வருணித்து, அவர்களை உடனடியாக விடுவிப்பது அண்மைக்காலக் கதையொன்றில் வரும் படைப்பை ஒத்த ஓர் உயிரை எழுப்பிவிடுவதாகும் என்றார். அக்கதையின் நாயகன் பேருடலைப் படைத்தானேயன்றி, நன்மை தீமை அறியும் உணர்வை அதற்கு ஊட்ட இயலவில்லை என்பது அவர் கூற்று.

இக்கூற்று நாவலின் செய்திக்கு நேர்மாறானது. நாவலில் படைப்புயிர் நன்மை தீமை அறிந்தவன், தன் குற்றத்தை எவரினும் கூர்மையாக உணர்ந்தவன், மில்டனைப் படித்தவன், குடியேற்றத்தால் அழிந்த மக்களுக்காக அழுதவன். கேனிங் காட்டும் உருவம் மேடையில் கண்ட குழந்தை மனமுடைய பேருடலுக்கே அணுக்கமானது. வாய்பேசாதவனாகக் காட்டியதால் பார்வையாளரிடம் இரக்கத்தை எழுப்பிய அதே பண்பு, இங்கு விடுதலையைத் தள்ளிப்போடுவதற்கான சான்றாக மாற்றப்பட்டது. குழந்தை என்போர்மீது இரங்கலாம். அவர்கள் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது அவ்வாதத்தின் உள்ளீடு. அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இல்தான் நிறைவேறியது. கேனிங்கின் குறிப்பை மேரி ஷெல்லியே தமது கடிதமொன்றில் மகிழ்ச்சியோடு சுட்டியுள்ளார் என்பதும் பதிவு செய்யப்படவேண்டியது. ஆசிரியரின் எதிர்வினையைக் கொண்டு நூலின் பொருளை முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஊமைப் பார்வை: புதினமும் கேலிச்சித்திரமும்

எலிசபெத் காஸ்கெல் 1848இல் வெளியிட்ட ‘மேரி பார்ட்டன்’ புதினத்தில், மான்செஸ்டர் ஆலைத்தொழிலாளரைப் படைப்புயிரோடு ஒப்பிடுகிறார். அங்கு ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயர் படைத்தவனை விட்டுப் படைக்கப்பட்டவனுக்குரியதாகிவிட்டது. ஆன்மா அற்றதாகவும், ஊமைப் பார்வையால் குற்றஞ்சாட்டுவதாகவும் அவ்வுரு அமைகிறது. தொழிலாளரை இந்நிலைக்கு ஆளாக்கியவர் மேலோரே என்பதை அவர் நேர்மையோடு உணர்த்துகிறார். பரிவு இங்கு மெய்யானது. ஆயினும் தொழிலாளர் பேசுபவராக அன்றிப் பார்ப்பவராகவே ஒப்புமையில் இடம்பெறுகின்றனர். ஏழை மக்கள் பட்டயம் எழுதி நாடாளுமன்றத்திடம் முறையிட்ட காலம் அது என்பதை எண்ணினால், இந்த ஊமைத்தன்மை உண்மை நிலையின் படப்பிடிப்பன்று என்பது புலனாகும்.

‘பஞ்ச்’ இதழின் கேலிச்சித்திரங்களில் அவ்விரக்கமும் குன்றியது. 1866இல் வாக்குரிமை கோரிய தொழிலாளரை ஜான் டெனியல் பேருருவாக வரைந்தார். சீர்திருத்தத் தலைவர் ஜான் பிரைட் அதனருகே அஞ்சி நடக்கிறார். 1882இல் டப்ளின் பீனிக்ஸ் பூங்காக் கொலைகளுக்குப் பின், முகமூடியணிந்து கத்தி ஏந்திய பேருருவாக அயர்லாந்து வரையப்பட்டது. அதன்முன் பார்னல் நடுங்குகிறார். இரண்டிலும் கோரிக்கை உடைய மக்கள், கோரிக்கை சொல்லத் தெரியாத உடல்களாக்கப்பட்டனர்.

திரையில்: 1931, 1935

1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட படத்தில் படைப்புயிராகத் தோன்றியவர் போரிஸ் கார்லோஃப். தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயருக்குப் பதில் வினாக்குறி இடப்பட்டது. 1823ஆம் ஆண்டின் கோடுகளை இது நினைவூட்டுகிறது. இப்படத்திலும் அவனுக்குப் பேச்சில்லை. அத்துடன், உதவியாளன் தவறுதலாகக் குற்றவாளியின் மூளையைக் கொண்டுவந்தான் என்ற புதிய நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. கைவிடப்பட்டதால் கொடியவனானான் என்பது மாறி, கொடுமை உறுப்பிலேயே உள்ளது என்றாயிற்று.

எனினும் கார்லோஃபின் நடிப்பு பார்வையாளரின் இரக்கத்தைப் பெற்றது. ஏரிக்கரையில் சிறுமியோடு பூக்களை மிதக்கவிட்டு விளையாடுபவன், பூக்கள் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்றெண்ணி நீரில் எறிகிறான். இக்காட்சியின் முடிவு பின்னர் வெட்டப்பட்டது. 1980களில்தான் மீண்டும் இணைக்கப்பட்டது. வெட்டிய படத்தில் சிறுமியை நோக்கி நீளும் கைகளும், பின்னர் அவள் சடலமும் மட்டுமே தெரிந்தன. அறியாமையால் நேர்ந்த விபத்து, அதனினும் கொடிய குற்றமாகப் பொருள்பட்டது. தன் தரப்பைச் சொல்ல இயலாதவனின் செயலுக்குப் பிறர் விரும்பியவாறு பொருள்கொள்ள இயலும் என்பதற்கு இவ்வெட்டு தக்க சான்று.

1935இல் வெளிவந்த தொடர்ச்சிப் படத்தில் பார்வையற்ற துறவியொருவர் அவனுக்குச் சில சொற்களைக் கற்பிக்கிறார். நாவலின் முதியவர் நூறாண்டுகளுக்குப் பின் மீண்டும் தோன்றினார் எனலாம். அரக்கனைப் பேசவைத்தது பிழை என்று கார்லோஃப் கருதினார். நடிகரின் கணிப்பில் ஓர் உண்மை உண்டு: இரக்கத்துக்கு மௌனம் துணைசெய்யும். ஆனால் நட்பு வேண்டும், தனிமை கொடிது என்று அவன் சொல்லத் தொடங்கும்போதுதான் பார்வையாளரிடம் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கோர உருவின்மீது எழும் பரிவு ஒரே தன்மையதன்று. நாவலில் அது செவிகொடுத்தலாக இருந்தது. மேடையிலும் திரையிலும் இரக்கமாயிற்று. அரசியல் உரையிலும் கேலிச்சித்திரத்திலும் அவ்வுருவே அச்சத்தின் கருவியாயிற்று. இரண்டாவதாக, இரக்கமும் அச்சமும் எதிரெதிர் முனைகள்போல் தோன்றினும், எதிரில் இருப்பவனைப் பேச இயலாதவன் எனக் கொள்வதில் ஒன்றுபடுகின்றன. கேனிங்கின் உரைக்கும் காஸ்கெலின் ஒப்புமைக்கும் நோக்கத்தில் பெருவேறுபாடு உண்டு. ஊமை உருவம் இரண்டுக்கும் பொது. மூன்றாவதாக, இழந்த குரலை மீட்டவர்கள் பெரும்பாலும் தம்மை அவ்வுருவில் கண்டவர்களே. திருநங்கையரான அமெரிக்க அறிஞர் சூசன் ஸ்ட்ரைக்கர் 1994இல் வெளியிட்ட கட்டுரை, பனியாற்றில் பேசிய படைப்புயிரின் இடத்தில் நின்று விக்டரை நோக்கிப் பேசுகிறது. அரக்கர் எனச் சுட்டப்பட்டவர் இரக்கத்தை வேண்டாமல், தம்மைக் கேட்குமாறு கோரும் மரபு அங்கு புதுப்பிக்கப்படுகிறது.

எனவே, இலக்கியத்தின் கோர உருக்கள்மீது வாசகர் கொள்ளும் பரிவை ஆராய்வோர், அவ்வுரு எவ்வளவு துன்புறுகிறது என்பதோடு, பேச அதற்கு எவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது, அதனைக் கேட்பவர் யார் என்பவற்றையும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும். இக்கதையைத் தமிழில் பெயர்ப்போரும் கற்பிப்போரும் ‘அவன்’, ‘அது’ ஆகியவற்றுள் எதனை எவ்விடத்தில் ஆள்வது என்பதை இவ்வடிப்படையில் முடிவுசெய்தல் வேண்டும். அத்தெரிவு இலக்கணத்தோடு நில்லாது, கேட்பதற்கு முன்பே ஒரு தீர்ப்பாகவும் அமைந்துவிடக்கூடும்.